கண்மாய் தூர்வார இனி யார் காசு? 100 நாள் வேலைச் சட்ட மாற்றத்தை புதுக்கோட்டையின் 4 எம்.பி.க்கள் தரப்பு எதிர்ப்பது ஏன்?

100 நாள் வேலைத் திட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் புதிய சட்டத்தில் அதிகம் பேசப்பட்டது மகாத்மா காந்தியின் பெயர் நீக்கப்பட்டதுதான். ஆனால் புதுக்கோட்டை மாதிரி வானம் பார்த்த மாவட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊர்க் கண்மாயையும் ஊரணியையும் தூர்வார இனிமேல் யார் எவ்வளவு பணம் தருவார்கள்?

என்ன நடந்தது?

2005-ல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாக, 2025 டிசம்பர் 16-ம் தேதி மக்களவையில் ஒரு மசோதா தாக்கலானது. சுருக்கமாக 'விபி-ஜி ராம் ஜி' என்கிறார்கள். டிசம்பர் 18-ல் மக்களவையிலும், அன்று நள்ளிரவைத் தாண்டி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. டிசம்பர் 21-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஆறே நாளில் எல்லாம் முடிந்தது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் காந்தி படத்துடன் பேரணி போனார்கள், வெளிநடப்பு செய்தார்கள், நாடாளுமன்ற வளாகத்தில் விடிய விடிய தர்ணா இருந்தார்கள்.

புதுக்கோட்டைக்கு இது ஏன் முக்கியம்?

ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இந்த மாவட்டத்தில் கிடையாது. வெள்ளாறும் அக்னியாறும் மழை பெய்தால்தான் ஆறு. விவசாயத்தையும் நிலத்தடி நீரையும் தாங்குவது 5,000-க்கும் அதிகமான கண்மாய்கள், குளங்கள், ஊரணிகள். இவற்றில் பல, பல நூற்றாண்டு பழமையானவை. கல்வெட்டு பொறித்த குமிழித் தூம்புகள் இன்றும் மாவட்டம் முழுக்க நிற்கின்றன. அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று ஊரே இறங்கி வரத்து வாரியைச் சுத்தம் பண்ணும்; கரையை உயர்த்தும்.

அந்த வழக்கம் தேய்ந்த பிறகு, சின்னக் குளங்களுக்கும் ஊரணிகளுக்கும் ஆண்டுதோறும் ஆள் கொடுத்தது பெரும்பாலும் 100 நாள் வேலைதான். "சும்மா புல் செதுக்குற வேலை" என்ற விமர்சனம் உண்டு. சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் கையில் வேறு நிதி இல்லாத ஊராட்சிக்கு, வாரியில் மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்ட இருந்த ஒரே வழியும் இதுதான்.

100 ரூபாயில் யார் எவ்வளவு?

பழைய சட்டப்படி, உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது. பொருள் செலவில் நான்கில் மூன்று பங்கையும் அதுவே ஏற்றது.

உதாரணத்துக்கு, 10 லட்ச ரூபாயில் ஒரு ஊரணி வேலை. கூலி 6 லட்சம், பொருள் செலவு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

• பழைய முறை: மத்திய அரசு 9 லட்சம், மாநில அரசு 1 லட்சம்.
• புதிய முறை: மத்திய அரசு 6 லட்சம், மாநில அரசு 4 லட்சம்.

அதாவது, அதே வேலைக்கு மாநிலத்தின் பங்கு நான்கு மடங்கு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90:10 விகிதம். தமிழ்நாட்டுக்கு 60:40தான்.

இவ்வளவுதானா?

இல்லை. இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரியது. பழைய சட்டத்தில் மக்கள் வேலை கேட்டால் கொடுத்தாக வேண்டும்; தேவைக்கு ஏற்ப நிதி வர வேண்டும். புதிய சட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று மத்திய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதைத் தாண்டினால் முழுச் செலவும் மாநிலத்தின் தலையில்.

மழை பொய்த்த வருஷம்தான் வேலை கேட்டு வருவோர் எண்ணிக்கை கூடும். கண்மாயைத் தோண்டத் தோதான வருஷமும் அதுவே. அந்த நேரத்தில் வரம்பு முட்டினால், மாநில அரசு கைக்காசு போட வேண்டும். இல்லையென்றால் வேலை நிற்கும். எதிர்க்கும் எம்.பி.க்கள் இதை நிதி வெட்டு என்பது இதனால்தான்.

மத்திய அரசு என்ன சொல்கிறது?

வேலை நாள் 100-லிருந்து 125 ஆகிறது, நீர்ப் பாதுகாப்புப் பணிகளுக்கு முன்னுரிமை, கூலி வாரந்தோறும், முறைகேடு குறையும் என்பது அரசின் வாதம். 2025-26-ல் பழைய திட்டத்துக்கு ஒதுக்கியது 86,000 கோடி ரூபாய். புதிய சட்டத்தில் மத்திய அரசின் ஆண்டுப் பங்கு மட்டும் சுமார் 95,692 கோடியாக இருக்கும் என்று கணக்குக் காட்டுகிறது.

மறுபக்கம், 100 நாள் உறுதி இருந்தபோதே நாடு முழுக்க ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைத்தது சுமார் 50 நாள்தான். ஆக, 125 என்ற எண் நிஜமாவது பணம் வருவதைப் பொறுத்தது.

பணம் சரியாக வந்ததா?

பழைய முறையிலும் சிக்கல் இருந்தது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று திமுக எம்.பி. கனிமொழி மக்களவையில் பிரச்சினை எழுப்பினார். 7 கோடி பேர் உள்ள தமிழ்நாட்டுக்கு 10,000 கோடிக்கு மேல் போகிறது, 20 கோடி பேர் உள்ள உத்தரப் பிரதேசத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று இணை அமைச்சர் சந்திரசேகர் பெம்மசானி பதில் சொன்னார். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டது.

60 நாள் இடைவெளி எதற்கு?

விதைப்பு, அறுவடைக் காலத்தில் வயலுக்கு ஆள் கிடைக்க, ஆண்டில் மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்கிறது புதிய சட்டம். எந்த நாட்கள் என்பதை மாநில அரசு அறிவிக்கும். தூர்வாரும் வேலை பெரும்பாலும் கோடையில் நடப்பதால் கண்மாய்க்குப் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் வயல் வேலை கிடைக்காத முதியவர்களுக்கும், தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கும் அந்த இரண்டு மாசம் கூலி இல்லை.

யாரிடம் கேட்பது?

இங்கேதான் புதுக்கோட்டைக்கு மட்டுமான சிக்கல். 2008 தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. மாவட்டத்தின் 6 சட்டமன்றத் தொகுதிகள் இப்போது 4 எம்.பி.க்களிடம் பிரிந்து கிடக்கின்றன.

• புதுக்கோட்டை, கந்தர்வகோட்டை: திருச்சி எம்.பி. துரை வைகோ
• திருமயம், ஆலங்குடி: சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம்
• அறந்தாங்கி: ராமநாதபுரம் எம்.பி. நவாஸ் கனி
• விராலிமலை: கரூர் எம்.பி. ஜோதிமணி

மதிமுக, காங்கிரஸ், இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என இவர்களின் மூன்று கட்சிகளுமே மசோதாவை எதிர்த்தவை. ஆனால் ஒரே வாரி நாலு ஊரைக் கடந்து போகும் மாவட்டத்தில், அதற்காகப் பேச ஒரே எம்.பி. இல்லை.

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். எனவே மக்கள் கையில் நேரடியாக இருப்பது கிராம சபைதான். எந்தக் குளத்தை, எந்த வாரியை முதலில் எடுக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டு, அதன் நகலைத் தங்கள் எம்.பி.க்கும் அனுப்பலாம். 60:40-ஐ எதிர்த்துப் பேசப் போகும் எம்.பி.க்கு, எந்த ஊரில் எந்த வேலை நின்று கிடக்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால் பேச்சுக்கு வலு கூடும்.