படத்துக்கு நாள் கொடுக்கும் அரங்குகள்

1998 ஜூன் மாதம். டோக்கியோவின் ஷிபுயா பகுதியில், சினிமா ரைஸ் என்ற அரங்கில் ஒரு தமிழ்ப் படம் திரையிடப்பட்டது. 1995 தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் வந்து ஓடி முடிந்த ‘முத்து’தான் அது. ‘ஆடும் மகாராஜா’ என்று ஜப்பானியத் தலைப்பில் ஓர் ஒட்டும் சேர்ந்திருந்தது. ஜுன் எடோகி என்ற சினிமா விமர்சகர் சிங்கப்பூரில் அந்தப் படத்தைக் கண்டெடுத்து, தன் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். ரஜினிகாந்த் என்ற பெயர் அப்போது ஜப்பானியர்களுக்குப் புதிது. தமிழும் புதிது. சினிமா ரைஸ் அதை 23 வாரங்கள் ஓட்டியது. பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவி, மொத்தம் 40 கோடி யென் அளவுக்கு வசூலித்தது. ஜப்பானில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற இடத்தை, 2022 இறுதியில் ‘ஆர்ஆர்ஆர்’ முந்தும்வரை, ‘முத்து’ விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதையை ரஜினியின் பெருமையாகவே சொல்வார்கள். பெருமைதான். ஆனால் கதையில் இன்னொரு பாத்திரமும் உண்டு: அந்தப் படத்தைத் தூக்காமல் ஐந்து மாதத்துக்கு மேல் வைத்திருந்த அரங்கு.

‘மினி தியேட்டர்’ என்று ஜப்பானியர்கள் அழைக்கும் வகையைச் சேர்ந்தது அது. இந்த வகை அரங்கு பெரும்பாலும் 200 இருக்கைகளுக்குள் அடங்கிவிடும். பெரிய ஸ்டூடியோக்களின் அரங்குச் சங்கிலியில் சேராது. எந்தப் படத்தைப் போடுவது, எத்தனை நாள் போடுவது என்பதை அரங்கை நடத்துபவரே முடிவு செய்வார். ஜப்பானில் இருக்கும் ஏறக்குறைய 3,600 திரைகளில் பத்துக்கு ஒன்பது மல்டிபிளெக்ஸ்களுக்குள் இருக்கின்றன. கொரோனாவுக்கு முன்பே அங்கே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வெளியாகிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரிய திரைகளில் இடம் கிடைக்காத ஆவணப்படம், முதல் பட இயக்குநரின் படம், ஈரானிலிருந்தோ ஜார்ஜியாவிலிருந்தோ வந்த படம் எல்லாம் இந்தச் சிறிய அரங்குகளை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த வகைக்கு முன்னோடி இவானாமி ஹால். டோக்கியோவில், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஜிம்போச்சோவில், ஒரு கட்டடத்தின் 10ஆவது மாடியில், 1968இல் திறக்கப்பட்டது. கட்டியது இவானாமி பதிப்பகக் குடும்பம். தொடக்கத்தில் அது சொற்பொழிவு, இசை, நாடகம் என்று பலவற்றுக்கும் பயன்பட்ட மண்டபம். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர், பாரிஸ் திரைப்படப் பள்ளியில் படித்துத் திரும்பிய எட்சுகோ தகானோ. வெளிநாட்டுப் படங்களை ஜப்பானுக்குக் கொண்டுவருவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட காஷிகோ கவாகிதா அவருக்குத் தோழி. கவாகிதாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. சத்யஜித் ராயின் அபு வரிசையில் முதல் இரண்டு படங்கள் ஜப்பானுக்கு வந்துவிட்டன. மூன்றாவதான ‘அபுர் சன்சார்’ படத்தை எடுத்துப் போட எந்த அரங்கும் முன்வரவில்லை. நம்முடைய அரங்கிலேயே போடலாம் என்றார் தகானோ. 1959இல் எடுக்கப்பட்ட அந்த வங்காளப் படம், 1974 பிப்ரவரியில் இவானாமி ஹாலில் திரைக்கு வந்தது. சினிமா அரங்காக அதன் வாழ்க்கை அன்றைக்குத்தான் தொடங்கியது.

இருவரும் சேர்ந்து தொடங்கிய இயக்கத்துக்கு ‘எகிப் து சினேமா’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்தார்கள். எதைத் திரையிடுவது என்பதில் நான்கு கொள்கைகள் இருந்தன. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய இடங்களின் நல்ல படங்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களே ஆனாலும் பெரிய நிறுவனங்கள் தொடாதவை. முன்பு வெட்டிச் சிதைத்துக் காட்டப்பட்ட படங்களின் முழு வடிவம். கவனிக்கப்படாமல் போன நல்ல ஜப்பானியப் படங்கள். இந்தக் கோட்டுக்குள்தான் 1978இல் இத்தாலிய இயக்குநர் விஸ்கோன்தியின் படம் வந்தது, 1979இல் கிரேக்க இயக்குநர் ஆஞ்செலோபௌலோஸின் படம் வந்தது. கடலோர வீட்டில் வாழும் இரண்டு முதிய சகோதரிகளின் கதையான ‘தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’ 1988இல் வந்து, அரையாண்டுக்கு மேல் ஓடியது. சகோதரிகளில் ஒருவராக நடித்த லிலியன் கிஷ்ஷுக்கு அப்போது வயது 90ஐத் தாண்டியிருந்தது. கதாநாயகன், சண்டை, காதல் எதுவும் இல்லாத அந்தப் படத்தைத் திங்கட்கிழமை வசூலைப் பார்த்து முடிவெடுக்கும் ஓர் அரங்கில் போட்டிருந்தால் இரண்டாம் வாரத்தைப் பார்த்திருக்காது.

இவானாமி ஹால் 48 ஆண்டுகளில் திரையிட்டது 66 நாடுகள், பிரதேசங்களின் 274 படங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு படத்துக்குச் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. அங்கே ஒரு மாதம் என்றால் பெரும்பாலும் ஒரே படம்தான். முதல் வாரம் பத்திரிகை விமர்சனம் படித்தவர்கள் வருவார்கள். அவர்கள் சொல்லி அக்கம்பக்கத்தினர் வருவார்கள். வாய்மொழி மெதுவாகத்தான் நடக்கும். அது ஊரைச் சுற்றி வரும்வரை படம் திரையில் இருக்க வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுப்பதுதான் இந்த அரங்குகள் சினிமாவுக்குச் செய்யும் பெரிய உதவி.

டோக்கியோவின் தகதனோபாபா பகுதியில் உள்ள வசேடா ஷோச்சிகு அரங்கின் மாதம் வேறு மாதிரி இருக்கும். 1951இல் தொடங்கிய, 153 இருக்கைகள் கொண்ட இந்த அரங்கில் புதுப்பட வெளியீடு அரிது. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை ஒரு வாரம். அடுத்த சனிக்கிழமை புதிய ஜோடி. நான்கு வாரத்தில் எட்டுப் படம் பார்த்துவிடலாம். எந்தப் படத்தோடு எந்தப் படத்தைச் சேர்ப்பது என்பதில்தான் தொகுப்பாளரின் திறமை தெரியும். ஒரே இயக்குநரின் முதல் படமும் கடைசிப் படமும் ஒரு வாரம் சேரலாம். ஒரே விஷயத்தை இரண்டு நாடுகள் பார்த்த விதம் இன்னொரு வாரம் சேரலாம். ஒன்றுக்காக வந்தவர் இரண்டாவதையும் பார்த்துவிட்டுப் போவார். தேடிப் போயிருக்கவே மாட்டார், ஆனால் பார்த்துவிட்டார். அல்காரிதம் பரிந்துரைக்கும் பட்டியலில் இந்த மாதிரிச் சந்திப்புக்கு வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் அது ஏற்கெனவே பிடித்ததைப் போன்றதையே திரும்பத் திரும்ப நீட்டும்.

2002 ஏப்ரலில் வசேடா ஷோச்சிகு மூடப்பட்டது. பக்கத்தில் இருந்த வசேடா பல்கலைக்கழக மாணவர்கள், அதை மீட்க ஓர் இயக்கமே நடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அரங்கு திரும்பத் திறந்தது.

மினி தியேட்டர்களில் திரை ஒன்றோ இரண்டோதான் என்பதால் நாளையும் கூறு போட வேண்டியிருக்கிறது. காலைக் காட்சிக்கு ஒரு பழைய படம், பகலில் இரண்டு மூன்று முறை முக்கியப் படம், இரவுக் கடைசிக் காட்சிக்கு ஒரு புதிய இயக்குநரின் படம் என்று ஒரே நாளில் மூன்று வகைப் பார்வையாளர்கள் வந்துபோவார்கள். முன்கூடத்தில் அடுத்த மாதப் படங்களின் துண்டுப் பிரசுரங்கள் இலவசமாக அடுக்கியிருக்கும். சேகரிப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. படத்தைப் பற்றிய கட்டுரைகளோடு ஒரு சிறு புத்தகம் விற்பனைக்கு இருக்கும். இவானாமி ஹால் அதில் படத்தின் முழுத் திரைக்கதையையும் அச்சிட்டுக் கொடுத்தது. படம் முடிந்ததும் இயக்குநரோ நடிகரோ திரைக்கு முன்னால் வந்து நின்று பேசுவதும் வழக்கம்.

2018 ஜூனில் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ வந்தபோது இந்த ஏற்பாடு முழுவதும் வேலை செய்தது. ஏறக்குறைய 30 லட்சம் யென்னில், பெயர் தெரியாத நடிகர்களை வைத்து ஷினிச்சிரோ உவேதா எடுத்த படம். டோக்கியோவில் இரண்டே அரங்குகளில் வெளியானது: ஷின்ஜுகுவில் 84 இருக்கைகள் கொண்ட கே’ஸ் சினிமா, இகெபுகுரோவில் சினிமா ரோசா. படத்தின் முதல் அரை மணி நேரம் ஒரு சுமாரான ஜாம்பிப் படம் போலத்தான் போகும். அதன் பிறகு நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று பார்த்தவர்களே தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். ‘சொல்ல மாட்டேன், போய்ப் பார்’ என்ற பேச்சிலேயே காட்சிகள் நிரம்பின. நடிகர்களும் விடாமல் அரங்குகளுக்கு வந்து ரசிகர்களைச் சந்தித்தார்கள். பிறகு நாடு முழுவதும் 300க்கு மேற்பட்ட திரைகள், 300 கோடி யென்னுக்கு மேல் வசூல்.

இப்படி ஒரு படம் பத்து ஆண்டில் ஓரிரு முறைதான் வாய்க்கும். மற்ற மாதங்களில் கணக்கு கடினமானது. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி விநியோகஸ்தருக்குப் போகும். மீதியில் வாடகை, சம்பளம், மின்சாரம், புரொஜக்டர். ஃபிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, ஒரு கோடி யென் வரை செலவாகும் கருவியை ஒவ்வொரு சிறிய அரங்கும் வாங்க வேண்டியிருந்தது. சினிமா ரைஸ் 2016 ஜனவரியில் மூடப்பட்டது.

2020 ஏப்ரலில் கொரோனாவால் அரங்குகள் அடைபட்டபோது, இயக்குநர்கள் ரியூசுகே ஹமாகுச்சியும் கோஜி ஃபுகாதாவும் முன்னின்று ‘மினி தியேட்டர் எய்ட்’ என்ற நிதி திரட்டலைத் தொடங்கினார்கள். இலக்கு 10 கோடி யென். ஒரே மாதத்தில் ஏறக்குறைய 30,000 பேர் கொடுத்தது 33 கோடி யென். நூற்றுக்கு மேற்பட்ட அரங்குகளுக்கு அது பிரித்துக் கொடுக்கப்பட்டது. இருந்தும் இவானாமி ஹாலைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கே வழக்கமாக வந்துகொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். தொற்றுக் காலத்தில் வீட்டை விட்டு வெளியே வரத் தயங்கியவர்களும் அவர்களே. வெர்னர் ஹெர்சாக்கின் ஓர் ஆவணப்படத்தோடு 2022 ஜூலை 29 அன்று அரங்கு மூடப்பட்டது.

மீண்டும் சினிமா ரோசா. 2024 ஆகஸ்டில் ‘எ சாமுராய் இன் டைம்’ நாட்டிலேயே அந்த ஓர் அரங்கில் மட்டும் வெளியானது. எடுத்த ஜுனிச்சி யசுதா நெல் விவசாயமும் செய்பவர். அதுவும் 300 திரைகளைத் தாண்டிப் பரவி, 2025இல் ஜப்பான் அகாடமியின் சிறந்த பட விருதைப் பெற்றது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் வாரத்தில் துணிந்து இடம் கொடுத்தது ஒரு சிறிய அரங்கு. பெரும் வசூல் விழுந்தது மல்டிபிளெக்ஸ்களில். அந்தப் பணத்தில் ஒரு பங்கு சிறிய அரங்குக்குத் திரும்பி வர ஏற்பாடு இல்லை.

பிரான்ஸில் அதற்கு வழி இருக்கிறது. அங்கே விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 விழுக்காடு, சிஎன்சி என்ற அரசு அமைப்புக்குப் போகிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டும் இதற்கு விலக்கல்ல. அந்த நிதியிலிருந்து படத் தயாரிப்புக்கும், கலைப்படம் போடும் சிறிய அரங்குகளுக்கும் உதவி கிடைக்கிறது. ஜப்பானிலும் இதுபோன்ற அமைப்பு வேண்டும் என்று ஹிரோகசு கொரே-ஏதா உள்ளிட்ட இயக்குநர்கள் 2022 ஜூனில் ஒரு சங்கம் அமைத்துக் கேட்கத் தொடங்கினார்கள். இவானாமி ஹால் மூடப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு அது.