ஆறேமுக்கால் பாகை

ராக்கெட் கிளம்பும் நொடியில் எழும் தீப்பிழம்பே அனைவரின் கண்ணையும் கவர்கிறது. அதற்கு ஏறத்தாழ 2 நிமிடம் கழித்து, எரிபொருள் தீர்ந்த பூஸ்டர்கள் தாய் ராக்கெட்டை உரசாமல் கழன்று விலகும் கட்டம் அதைவிட நுட்பமானது. ஏறிக்கொண்டிருக்கும் ராக்கெட்டின் பக்கத்திலேயே பல டன் எடையுள்ள வெற்றுக்கூடு ஒன்று பிடியிழக்கிறது என்பதால், அதை விடுவிப்பது மட்டும் போதாது, வெளிப்புறமாக ஒதுக்கியும் விட வேண்டும்.

அமெரிக்க விண்வெளி ஓடத்தில் இந்த ஒதுக்கும் வேலை தனி மோட்டார்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பூஸ்டரின் உள்ளழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியபின், சுமார் 45 கி.மீ. உயரத்தில், பிணைப்புப் போல்ட்டுகள் வெடிமருந்தால் துண்டிக்கப்பட, ஒவ்வொரு பூஸ்டரின் மூக்குப் பகுதியில் 4, அடிப்பகுதியில் 4 என இருந்த 8 சிறு மோட்டார்கள் ஏறத்தாழ ஒரு நொடி எரிந்து அதை அப்பால் தள்ளின.

கஜகஸ்தானின் பைக்கானூரிலிருந்து செல்லும் சோயுஸ் ராக்கெட்டில் அத்தகைய மோட்டார்கள் இல்லை. நடுத்தண்டைச் சூழ்ந்த நான்கு கூம்பு வடிவப் பூஸ்டர்களின் உச்சியும் பந்து போன்ற முனையால் தண்டின் குழிவில் பொருந்தி, தம் உந்துவிசையாலேயே அங்கு அழுந்தி நிற்கின்றன. கீழ்க்கட்டுகள் அறுந்ததும், தணிந்துவரும் விசை பூஸ்டரின் வாலை வெளியே சுழற்ற, உச்சி குழிவைவிட்டு நழுவுகிறது; நழுவியதை ஒரு தொடுமுள், அதாவது தொடர்பு விட்டதை அறிவிக்கும் சென்சாரின் சிறு தண்டு, உணர்த்தியவுடன் ஆக்சிஜன் தொட்டியின் மேல்முனையிலுள்ள மூடி திறந்து, உள்ளே எஞ்சிய வாயு சீறி வெளிவந்து உச்சியையும் விலக்குகிறது.

2018 அக்டோபர் 11 அன்று இரு விண்வெளி வீரர்களுடன் கிளம்பிய சோயுஸில் நான்கில் ஒன்றின் மூடி திறக்கவில்லை. அந்தப் பூஸ்டரின் உச்சி நடுத்தண்டின் எரிபொருள் தொட்டிப் பகுதியில் மோத, ராக்கெட் நிலைதடுமாறியது. தப்பிப்பு அமைப்பு உடனே இயங்கி, வீரர்கள் இருந்த கலத்தைப் பிரித்தெடுத்ததால் இருவரும் உயிருடன் தரையிறங்கினர். தொடுமுள் 6 பாகை 45 கலை, அதாவது ஆறேமுக்கால் பாகை வளைந்திருந்ததும், அந்த வளைவு ஏவுதளத்தில் பாகங்களை இணைக்கும்போது நேர்ந்ததும் விசாரணையில் தெரியவந்தன. கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகரும் கோணத்தைவிட இது சற்றே அதிகம்.

கவலைக்குரிய இடம் இதுதான். 1957இலிருந்து பறக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வடிவமைப்பில் குறை காணப்படவில்லை. இணைப்புக் கூடத்தில் ஒரு பூஸ்டரைப் பொருத்திய கைகளின் வேலை பிசகியது. பூஸ்டரே இல்லாத ராக்கெட்டுகளுக்கு மாறுவது நல்லது என்ற கருத்தும் உண்டு என்றாலும், அடுக்கடுக்கான எந்த ராக்கெட்டும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு பாகத்தை உதறியே ஆக வேண்டும் என்பதால், அதை இணைத்தவரின் கைப்பக்குவத்தை நம்பியிருக்கும் நிலை மாறப்போவதில்லை. ஏற்கெனவே இணைத்து வைக்கப்பட்டிருந்த ராக்கெட்டுகளின் பூஸ்டர்களைக் கழற்றி மீண்டும் பொருத்துமாறு விசாரணைக் குழு பரிந்துரைத்ததே, பொருத்தி முடித்த வேலையை வெளியிலிருந்து பார்த்து உறுதிசெய்வது எவ்வளவு கடினம் என்பதற்குச் சான்று.

அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று மூவர் அதே வகை ராக்கெட்டில் ஏறிச் சென்றனர். நான்கு மூடிகளும் திறந்தன. ஏவுதல்களுக்கிடையே உள்ள இடைவெளி உலகெங்கும் சுருங்கிவரும் இக்காலத்தில், ஒரு முள் நேராக நிற்கிறதா என்று நின்று பார்க்கும் பொறுமைக்கு இணைப்புக் கூடங்களின் நாட்காட்டியில் இடம் எஞ்சுமா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.