ஹெடோராவை வீழ்த்தியவர்கள்

1971 ஜூலை 24 அன்று ஜப்பானில் வெளியான ‘காட்ஸில்லா எதிர் ஹெடோரா’ சிறுவர்களுக்கான கோடைப் படம். ஆனால் தொடக்கமே நுரைத்து நாறும் கடல். அதில் குப்பையோடு குப்பையாக ஒரு துணிக்கடைப் பொம்மை மிதக்கிறது. யொக்காய்ச்சி நகரின் புகையைப் பார்த்த அதிர்ச்சிதான் இயக்குநர் யோஷிமிட்சு பன்னோவை இந்தக் கதைக்குக் கொண்டுவந்தது.

கழிவைத் தின்று வளரும் ஹெடோரா, ஆலைப் புகைபோக்கியில் வாய் வைத்துப் புகையை உறிஞ்சும். அது தலைக்கு மேல் பறந்தால் மைதானத்தில் உடற்பயிற்சி செய்யும் மாணவிகள் சுருண்டு விழுவார்கள். மிகைக் கற்பனை இல்லை. அதற்கு முந்தைய ஜூலையில்தான் டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பள்ளியொன்றில் புகைமூட்டம் மாணவிகளை அப்படிச் சாய்த்திருந்தது.

படம் காட்டும் சுருகா விரிகுடாவில்தான் தாகோனோ உரா இருக்கிறது. அங்கிருந்து தெரியும் ஃபூஜி மலையைக் கவிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாடினார்கள். காகித ஆலைகளின் கழிவு அந்தத் துறைமுகத்தைச் சேற்றால் தூர்த்தது. அதை எதிர்த்து 1970 ஆகஸ்டில் மீனவர்கள் படகுகளோடு திரண்டார்கள்.

இன்று அதே தாகோனோ உராவின் பெயரைச் சொல்லி மீன் விற்கிறார்கள்! கண்ணாடிபோல் உடல் தெரியும் பொடி மீன். ஒற்றைப் படகில் வலை இழுத்து, பிடித்த கையோடு ஐஸ் போட்டுக் கரைசேர்த்து, பச்சையாகவே சோற்றின்மேல் குவித்துத் தருகிறார்கள். 2017இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

படத்தில் ஹெடோராவைக் காட்ஸில்லா காயவைத்துக் கொல்லும். வெளியே அந்த வேலையைச் செய்தது மக்கள். 1970 இறுதியில் நாடாளுமன்றம் மாசுக்கு எதிராக 14 சட்டங்களை நிறைவேற்றியது. யொக்காய்ச்சியில் மூச்சிரைப்பால் அவதிப்பட்ட ஒன்பது பேர் ஆறு நிறுவனங்கள் மீது 1967இல் தொடுத்த வழக்கில் வென்றார்கள். தீர்ப்பு வந்த நாள் 1972 ஜூலை 24, படம் வெளியாகிச் சரியாக ஓராண்டு. இப்போது அந்த ஆலைகளின் இரவு விளக்குகளைப் பார்க்கச் சுற்றுலாப் படகு ஓடுகிறது. பட்ட பாட்டைச் சொல்லும் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது.

ராட்சத மிருகப் படங்களும் மாறிவிட்டன. 2019இல் வந்த ஹாலிவுட் காட்ஸில்லா படத்தில் மிருகங்கள் மிதித்த மண்ணில் காடு முளைக்கிறது. குற்றவாளி மொத்த மனிதகுலம். எனக்கு இது உவப்பாக இல்லை. எல்லோரும் குற்றவாளி என்றால் யார் மீது வழக்குப் போடுவது? பன்னோவின் படத்தில் தொழில்நுட்பம் எளிது, ரப்பர் உடை பளிச்செனத் தெரியும், கதையும் தாறுமாறாக ஓடும். ஆனாலும் புகை எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று அது காட்டியது. சூழலுக்காக மிருகப் படம் எடுக்க வருபவர்களே, எந்த ஆலை, எந்தக் கடல் என்று காட்டிவிட்டுப் பிறகு மிருகத்தை இறக்குங்கள்.