உத்தரவு இல்லை, பதிவும் இல்லை

இணையப் பதிவுகளை நீக்கச் சொல்லும் தகவல் தொழில்நுட்ப விதி 3(1)(டி)-யின் திருத்தம் 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. "66ஏ திரும்பி வந்துவிட்டதா?" என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்கிறார்கள். இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்த அந்தப் பிரிவு எழுதியவரைக் கைது செய்தது. இது எழுதியவர் பக்கமே வருவதில்லை. சிக்கலே அங்கேதான்.

பயனர் எழுதியதற்கு எக்ஸோ யூடியூபோ பொறுப்பல்ல என்பது அதே சட்டத்தின் பிரிவு 79 தரும் கவசம். 'இது சட்டவிரோதம்' என்று அரசு தெரிவித்த பிறகு விதி குறித்த நேரத்துக்குள் (2026 பிப்ரவரி வரை 36 மணி நேரம்) பதிவை நீக்காவிட்டால், 79(3)(பி) அந்தக் கவசத்தைக் கழற்றிவிடும். அரசு இதைத் தடை என்று சொல்வதில்லை, தகவல் தெரிவிப்பது என்கிறது. தடை விதிக்க 69ஏ இருக்கிறது. அங்கே நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களே செல்லும். குழு ஆராய வேண்டும். காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 2015-ல் 69ஏ தப்பியதே இந்தக் கட்டுப்பாடுகளால்தான். 79 வழியில் அவதூறு, ஒழுக்கம் வரை காரணங்கள் நீள்கின்றன. அறிவிப்புகளை அனுப்ப உள்துறை அமைச்சகத்தின் 'சஹ்யோக்' தளமும் இருக்கிறது.

நிறுவனத்தின் வழக்கறிஞர் எதை யோசிப்பார்? யாரோ ஒருவர் சாலை டெண்டர் பற்றிப் போட்ட காணொளியால் நிறுவனத்துக்குப் பெரிய வருமானம் இல்லை. வழக்கு வந்தால் செலவு. நீக்கிவிடுவார்.

சஹ்யோக்கை எதிர்த்து எக்ஸ் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. அரசமைப்பில் பேச்சுரிமை தரும் 19-வது பிரிவை அயல்நாட்டு நிறுவனம் கோர முடியாது என்றது. அந்த உரிமை உள்ள குடிமகனுக்கோ அறிவிப்பு போனதே தெரியாமல் இருக்கலாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்காகச் சென்னை மெரினாவுக்கு இளைஞர்களை அழைத்து வந்தவை முகநூலும் வாட்ஸ்அப்பும். அப்படியொரு அழைப்புக்கு ஓரிரு நாள்தான் ஆயுள். பிறகு வழக்காடி மீட்டு என்ன பயன்?

திருத்தத்தைப் 'பாதுகாப்பு ஏற்பாடு' என்கிறது அரசு. இதன்படி இணைச் செயலருக்கோ, காவல் துறையில் டிஐஜிக்கோ குறைந்தவர் அறிவிப்பு அனுப்பக் கூடாது. இணைச் செயலர் இல்லாத இடத்தில் மட்டும் இயக்குநர் அனுப்பலாம். காரணம் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை செயலர் மறுஆய்வு செய்வார். முன்பைவிட மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனுப்புவதும் அரசு, ஆராய்வதும் அரசு.

மற்ற கேள்விகள்:

உள்ளூர் ஆய்வாளர் அறிவிப்பு அனுப்பலாமா? 2025 நவம்பர் 15 முதல் இந்த விதியின்கீழ் முடியாது.

வாட்ஸ்அப்புக்கும் உண்டா? உண்டு.

நீக்கப்பட்டால் எங்கே போவது? நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர், அடுத்து ஒன்றிய அரசு நியமித்த மேல்முறையீட்டுக் குழு, அல்லது உயர் நீதிமன்றம். பதிவின் நகலும் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலும் கையில் இருக்கட்டும்.