சிறுக்கச் சிறுக்கக் காரம்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர் நம் முன்னோர். சிறுக்கச் சிறுக்கக் காரம் கூடும் பொருள்களும் உண்டு என்கிறது இன்றைய விஞ்ஞானம்.

சூலக்கரையில் வாழும் நமக்கு இது புதிதன்று. அலுமினியச் சட்டி நாள்தோறும் அடுப்பில் இருந்தும் தீப்பற்றுவதில்லை. அதே அலுமினியம் பொடியாகிக் கம்பி மத்தாப்பில் சேர்ந்தால் வெள்ளிப் பூவாய்ச் சிதறி எரிகிறது! பொருள் ஒன்றே, அளவுதான் வேறு. பொடியாகும்போது காற்றுப்படும் பரப்பு பெருகிவிடுகிறது.

மத்தாப்புப் பொடியைவிட மிக மிகச் சிறியவை நானோ துகள்கள். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்!

இதனால் விளையும் நன்மைகள் பல. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய குழுவினரும் வெள்ளி நானோ துகள்களால் குடிநீரிலுள்ள பூச்சிமருந்தை நீக்கும் வழி கண்டனர். 2007-ல் அம்முறையில் அமைந்த வடிகட்டி விற்பனைக்கு வந்தது. வெயிலுக்குப் பூசும் களிம்பிலும் நாற்றம் தடுக்கும் காலுறையிலும் நானோ துகள்கள் உள்ளன.

ஆயினும் தீமை இல்லையா? 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தனர். சிலவற்றிலிருந்து வெள்ளி கழன்று நீரில் கலந்தது. கிருமியைக் கொல்லும் வெள்ளி, நீரிலும் மண்ணிலும் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லக்கூடும் அல்லவா? களிம்பாகப் பூசினால் தோலின் மேலேயே பெரும்பாலும் தங்கும் துகள், தெளிப்பானாக அடித்தால் மூச்சுடன் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். மிட்டாய்க்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடில் நானோ துகள்களும் கலந்துள்ளன. அது பாதுகாப்பானது என உறுதி கூற இயலாததால், 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நம் நாட்டிலும் நானோ வேளாண் இடுபொருள்களையும் உணவுப் பொருள்களையும் மதிப்பிட 2020-ல் வழிகாட்டு நெறிகள் வெளியாயின.

பொடியின் குணம் அறியாமல் கையாண்டால் என்ன நேரும் என்பதை நம் வட்டாரம் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறது. வேலைக்குச் சென்ற பெற்றோர் நலமாய்த் திரும்பும்வரை வாசலைப் பார்த்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர். ஆகவே, புதியது என்றதும் மயங்கவும் வேண்டாம். அஞ்சி ஒதுக்கவும் வேண்டாம். முதலில் சோதனை, பிறகே விற்பனை என்று கேட்போம். வாங்கும் பொருளின் உறையைப் படிப்போம். கண்ணுக்குத் தெரியாததையும் கருத்தோடு கையாள்வோமாக!