கையொப்பமும் உடைமையும்

தாம்பரத்தில் மனை வாங்கும் ஒருவர், விற்பவரோடு சார்பதிவாளர் முன் சென்று பத்திரத்தைப் பதிவு செய்வர். இக்காலத்தில் கணிப்பொறி வழியே விற்கப்படும் என்.எப்.டி. என்னும் சேகரப்பொருள்களுக்கோ சார்பதிவாளர் இல்லை. பல கணிப்பொறிகளில் ஒருங்கே காக்கப்படும் பிளாக்செயின் என்னும் கணக்கேடே அவற்றிற்குப் பதிவேடாம். இவ்வாணிகம் நடக்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாக விளக்கப் புகுகின்றோம்.

ஓப்பன்சீ முதலிய சந்தைகள் நிரல் எழுதுவோர்க்கென நிரல் நூலகம் ஒன்றை வெளியிட்டுள்ளன. அது செய்வன மூன்று. பொருள், விலை, கெடு ஆகியவை அடங்கிய விற்பனைச் சீட்டை வரைதல் முதலாவது. விற்பவரின் இரகசியச் சாவியால் அதற்குக் கையொப்பம் பெறுதல் இரண்டாவது. வாங்குபவர் இசைந்தவுடன் அதனைக் கணக்கேட்டிலுள்ள ஒப்பந்த நிரலுக்கு அனுப்புதல் மூன்றாவது. அக்கணமே பணமும் பொருளும் ஒருங்கே கைமாறும்.

ஆயின், சீட்டை வாசியாது கையொப்பமிடுவோர் கதி யாது? 2022 பிப்ரவரியில் வஞ்சகர் சொற்கேட்டு அங்ஙனம் செய்த சிலர் தம் பொருள்களை இழந்தனர். கணக்கேடு கையொப்பத்தை அறியுமேயன்றிக் கருத்தை அறியாது; பதிந்ததைத் தானே மீட்டுத் தரவும் மாட்டாது.

இத்தகைய பொருள்களை விற்ற இலாபத்திற்கு 2022 முதல் இந்திய அரசு 30 சதவீதம் வரி விதித்து வருகின்றது. கிரிப்டோ நாணயமும் சொத்தே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறிற்று. ஆகலின், மனைப் பத்திரத்தை வாசிப்பதுபோலவே இச்சீட்டையும் வாசித்தல் வேண்டும். நிரல் கற்கும் மாணவர்காள்! கையொப்பமிடுவோர்க்கு அதன் ஒவ்வொரு வரியையும் தெளிவாகக் காட்டும் நிரலே நன்னிரல் என்போம்.