வாரமா, புள்ளியா?

அமெரிக்காவில் ‘டைம்ஷேர்’ வாங்கிய குடும்பங்களுக்கு முன்பெல்லாம் கணக்கு சுலபம்: குறிப்பிட்ட விடுதியில் ஆண்டுக்கு ஒரு வாரம், பத்திரம் கையில். 1991இல் டிஸ்னி புள்ளி முறையோடு களமிறங்கியது. 1984 முதல் வாரங்களை விற்றுவந்த மேரியட்டும் 2010இல் புள்ளிகளுக்கு மாறியது. பழைய உரிமையாளர்களுக்கும் அழைப்பு போனது: கட்டணம் செலுத்திச் சேருங்கள், பத்திரம் உங்களிடமே இருக்கும், வாரமா, புள்ளியா என்று ஆண்டுதோறும் முடிவு செய்யலாம்.

கவர்ச்சி நிஜமானதுதான். ஏழு நாளையும் ஒரே ஊரில் கழிக்க வேண்டியதில்லை. மூன்று நாள் கடற்கரை, நான்கு நாள் மலை என்று பிரித்துக்கொள்ளலாம்.

சிக்கல் விகிதத்தில் இருக்கிறது. தங்கும் நாளுக்கான புள்ளிகள் பள்ளி விடுமுறையில் ஏறும், கூட்டமில்லாத மாதங்களில் இறங்கும். வாரத்தைக் கொடுத்துப் பெற்ற புள்ளிகள் அதே வாரத்தைத் திரும்பப் பிடிக்கப் போதாமல் போவதுண்டு. பராமரிப்புக் கட்டணமோ இரண்டு வழியிலும் தொடரும்.

ஆக, கிராக்கியான வாரத்தை வைத்துக்கொண்டு ஆண்டு தவறாமல் அங்கேயே போகிறவர்கள் மாற அவசியமில்லை. வாரத்தை எப்போதும் பரிமாற்றத்துக்கே விடுகிறவர்கள் யோசிக்கலாம். கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே: இந்தப் புள்ளிகளுக்கு என் வாரம் எனக்கே கிடைக்குமா?